கைமாறும் நேரம்

செய்தி ஏழாம் பக்கத்தில் வந்திருந்தது. 'குழந்தை இல்லாத ஏக்கம்: தம்பி மகளைத் தரையில் போட்டுக் கொன்ற பெண் கைது.' ஜெனோவா அதைப் படித்தது நெடுங்கை நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், கேக் வெட்டுவதற்காக எல்லோரும் கூடியிருந்த அறையில். கேக்கின் மேல் நீலக் கிரீமில் 'நாற்பதாயிரம்' என்று எழுதியிருந்தது. அவளுக்காகத்தான் அந்தக் கேக்.

படத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள். தலைப்பைப் பிடித்திருந்த கை மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு கறுத்த வளையம். எட்டு மணி நேரம் இறுக்கமான கையுறை போடுகிறவர்களுக்கு வருகிற தழும்பு. தூத்துக்குடியில் நாற்பதாயிரம் பேருக்கு அந்தத் தழும்பு உண்டு. ஜெனோவா படத்தின் கீழே இருந்த பெயரைப் படித்தாள். சுடலைவடிவு, வயது 38, முத்தையாபுரம்.

"வடிவக்கா" என்றாள், யாரிடமும் இல்லை.

உப்பளங்கள் இருந்த இடத்தில் நீல நிறக் கட்டடங்கள் வந்து ஐந்து வருடம் ஆகிறது. உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டால், பனிக்கடல் நாட்டில் ஏதோ ஒரு ஆலையில் இருக்கும் இரும்புக் கை உங்கள் கையாகிவிடும். நீங்கள் விரலை மடக்கினால் அது மடக்கும். அது தொட்டது உங்கள் விரலில் தெரியும். மீனின் குளிர்ச்சிகூடத் தெரியும். அங்கே ஆள் கிடைக்காத வேலைக்கு இங்கேயிருந்து கை போயிற்று. விசா வேண்டாம், விமானம் வேண்டாம். கை மட்டும் போனால் போதும்.

பதின்மூன்று மாதத்துக்கு முன்னால், புது நிரலைச் சோதிப்பதற்காக ஜெனோவா இரண்டு வாரம் வடிவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வடிவு மீனை முள் எடுத்து, திருப்பி, அடுத்த இரும்புக் கைக்கு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தன் தம்பி மனைவி உண்டாகியிருப்பதாகச் சொல்லி ஒருநாள் கடலை மிட்டாய் வாங்கி வந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் பிள்ளை இல்லாதவள், தம்பிக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கு மூன்று மாதத்திலேயே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடி வெயிலில் ஸ்வெட்டர். பக்கத்து நாற்காலிக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெனோவாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கேக் கத்தியை நீட்டிய செயல்பாட்டுத் தலைவர் சீதாபதியிடம் அவள் செய்தித்தாளை நீட்டினாள்.

"சார், இவங்க நம்ம ஆளு."

சீதாபதி பார்த்தார். சென்னைக்காரர், நல்ல உடுப்பு, யாரையும் அதட்டாத மனிதர். "தெரியும். காலைல ஒன்பது மணிக்கே அவங்க ஐடியை எடுத்தாச்சு. ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா கேட்டுக்கு வெளியே நடந்தது, ஜெனோவா. வாங்க, எல்லாரும் காத்திருக்காங்க."

அவள் கேக்கை வெட்டினாள். அதை நினைத்து அப்புறம் பல நாள் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

*

மகளிர் சிறையில் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் வடிவு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கையை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள், யாருடைய கையோ போல.

"நீங்க ஏன் மேடம் இங்க வந்தீய?"

"என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால கேக்கணும் வடிவக்கா."

வடிவு சொன்னாள். செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு வேலை முடிந்து, ரெண்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போது தொட்டிலில் பிள்ளை அழுதது. தூக்கினாள். தம்பி மனைவி பிரம்மசக்தி அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து கையை நீட்டினாள்.

"குடுத்தேன். அவ பிடிச்சிட்டா மேடம். பிடிச்சிட்டான்னு என் கைக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறந்தான் விட்டேன். பாத்தா பிள்ளை கீழ கெடக்கு. சிமெண்டுத் தரை. ஏழு மாசப் பிள்ளை. போலீசுல விட்டியா போட்டியான்னு கேட்டாவ. விட்டேன்னு சொன்னேன். எழுதையில போட்டேன்னு எழுதிட்டாவ."

"பிரம்மசக்தி என்ன சொல்லுதா?"

"நா பிடிக்கதுக்கு முன்னாடியே மதினி விட்டுட்டாவ, என் கண்ணப் பாத்துக்கிட்டே விட்டாவன்னு சொல்லுதா. அவ பொய் சொல்லுத பிள்ளை இல்ல மேடம். நானும் பொய் சொல்லல. அதான் எனக்கு விளங்கவே மாட்டேங்கு."

ஜெனோவா கம்பி வலைக்கு அருகில் நகர்ந்தாள்.

"வேலையில மீனக் கைமாத்தும்போது எப்ப விடுவீங்க?"

"அந்தக் கை பிடிச்சது நமக்குத் தெரியுததுக்கு முன்னாடியே விட்ரணும்லா. தெரிஞ்சப்புறம் விட்டா பிந்திரும், மீனு கிழிஞ்சிரும். மொதல்ல ஒரு மாசம் கிழிச்சுக்கிட்டே கெடந்தேன். பெறவு கை பழகிட்டு. இப்பம் விடும்போதே பிடிச்ச மாதிரி தெரிஞ்சிரும்." சொல்லிவிட்டு வடிவு தன் கையைப் பார்த்தாள். படிக்காதவள் இல்லை, பத்தாவது வரை படித்தவள். அவளுக்கும் அந்த இடத்தில்தான் உறைத்தது. "அந்த உணர்வு ஏன் மேடம் பிந்தி வருது?"

ஜெனோவா பொய் சொல்லியிருக்கலாம். கடல் தூரம் என்று சொன்னால் பாதி உண்மையாகியிருக்கும்.

"எல்லார் கை அசைவும் கடலுக்கு அடியில ஒரே கேபிள் வழியாத்தான் போவுது வடிவக்கா. இடம் கொஞ்சந்தான். அதனால மூணு வகுப்பாப் பிரிச்சு வச்சிருக்கோம். ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணுத கை முதல் வகுப்பு. அது நிக்கவே கூடாது. மீன், காய்கறி மூணாவது. அது நின்னு வழிவிட்டுத்தான் போகணும். முன்னாடி எல்லாரையும் ஒரே வரிசையில நிறுத்தி, ஒரே சாவிய வச்சுத் திறந்து விட்டுட்டு இருந்தோம். எங்க லினக்ஸ் சர்வர்ல வேல பாக்க அறுபத்துநாலு பேர் இருக்கான்னு வச்சுக்கோங்க. ஒருத்தன் சாவிய வச்சிருந்தா மத்த அறுபத்துமூணு பேரும் சும்மா நிப்பான். நாலாயிரம் பேர் வேல பாக்கும்போது அது ஓடிச்சு. நாற்பதாயிரத்துக்கு ஓடாது."

"பெறவு?"

"நான் மாத்துனேன். ரேஷன் கடையில டோக்கன்ல நேரம் போட்டுக் குடுத்துட்டா வரிசையே வேண்டாம்லா? அது மாதிரி ஒவ்வொரு அசைவு மேலயும், நீ இத்தன மணிக்குத்தான் கெளம்பணும்னு நேரம் போட்டுருவேன். அறுபத்துநாலு பேரும் அவனவன் பாட்டுக்கு நேரத்தப் பாத்து அனுப்புவான். சாவி கெடையாது, சண்டை கெடையாது. எத்தன லட்சம் பேர் வந்தாலும் தாங்கும்."

வடிவு அதை மெதுவாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"எனக்கு என்ன நேரம் போட்டீய?"

"ஒரு நொடிய அஞ்சா வெட்டுனா, அதுல ஒண்ணு."

வடிவு விரல்களை மடக்கி விரித்தாள். இன்னொரு முறை மடக்கி விரித்தாள். எவ்வளவு நேரம் என்று அளந்து பார்க்கிறாள் என்பது ஜெனோவாவுக்குப் புரிந்தது. அவ்வளவு நேரம் ஒரு குழந்தை யார் கையிலும் இல்லாமல் அந்தரத்தில் இருந்திருக்கிறது.

"அவ்வளவுதானா" என்றாள் வடிவு.

*

கம்பெனி முதலுதவி அறையில் ஒரு பச்சை அட்டைப் பதிவேடு இருந்தது. ஜெனோவா தேநீர் இடைவேளையில் போய் அதைப் புரட்டினாள். நர்ஸ் தடுக்கவில்லை. "யாராச்சும் பாப்பாங்களான்னு நானும் ஒரு வருஷமாக் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

கொதிக்கிற கஞ்சி தொடையில் விழுந்தது. பஸ் கம்பியைப் பிடிப்பதற்குள் காலை எடுத்துவிட்டு விழுந்தது. வாழைத்தார் இறக்கும்போது கீழே நின்ற புருஷன் பிடிப்பதற்கு முன்னால் விட்டு, அவன் தோள் எலும்பு இறங்கியது. கிணற்றுக் கயிற்றை விட்டது. அறுநூற்றுப் பதினொரு பதிவுகள். எல்லாம் மூன்றாம் வகுப்பு நாற்காலிக்காரர்கள். எல்லாம் வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே கையெழுத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது.

எல்லாம் போன சித்திரைக்குப் பிறகு. போன சித்திரையில்தான் அவளுடைய நிரல் ஓடத் தொடங்கியது.

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. பழைய முறையில் தாமதம் இன்னும் மோசம். சில சமயம் மூன்றில் ஒரு நொடி வரை போகும், ஏறும், இறங்கும், தொழிலாளர்கள் வாயில் வராததெல்லாம் வைவார்கள். ஆனால் அந்த நான்கு வருடத்தில் பதிவேட்டில் தலைவலியும் கண்ணெரிச்சலும்தான். அவள் தாமதத்தைக் குறைத்தாள், சீராக்கினாள். அதற்குப் பிறகுதான் ஆட்கள் விழத் தொடங்கியிருக்கிறார்கள்.

மூன்று நாள் பழைய பதிவுகளைத் தோண்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம், பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அது தெரிந்தது. தெரிந்ததும் எழுந்துபோய்க் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

கடைசி அரைமணி நேரம் மீன் வருவது குறைந்துவிடும். மேசையைக் கழுவுவது, கத்தியைத் துடைத்து வைப்பது, அவ்வளவுதான். பழைய முறையில் வேலை குறைந்தால் வரிசையும் குறையும். வரிசை குறைந்தால் தாமதமும் குறையும். ஒன்றரை மணிக்கு மூன்றில் ஒரு நொடி. ரெண்டு மணிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தினமும், நான்கு வருடமும், படகுத்துறைச் சரிவு மாதிரி இறங்கியிருந்தது அந்தக் கோடு. யாரும் திட்டமிடாத சரிவு. அந்த அரைமணி நேரத்தில் கைகள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டு, அதன் பிறகு வீட்டுக்குப் போயிருக்கின்றன.

புதிய வரைபடத்தில் சரிவு இல்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மீன் வந்தாலும் வராவிட்டாலும், ஐந்தில் ஒரு நொடி. ரெண்டு மணி அடிக்கிற கணம் வரை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு நேர்கோடு. அங்கே கோடு அறுந்து நின்றது. ஆள் எழுந்து பஸ் ஏறிவிட்டாள்.

அந்த நேர்கோட்டைத்தான் போன சித்திரையில் கம்பெனிக் கூட்டத்தில் அவள் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். அதற்குத்தான் கை தட்டினார்கள்.

*

"பத்து வரி போதும் சார்" என்றாள் சீதாபதியிடம். "கடைசி அரைமணி நேரம் மூணாம் வகுப்புத் தாமதத்தக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிரணும். முன்னாடி தானா நடந்தது. இப்ப நாம செய்யணும். அவ்வளவுதான்."

சீதாபதி பொறுமையாகக் கேட்டார். இரண்டு வரைபடத்தையும் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை.

"தாமதம் இறங்கணும்னா கேபிள்ல இடம் வேணும். அந்த அரைமணி நேரத்துல காலியாகிற இடத்தை முதல் வகுப்புக்கு எழுதிக் குடுத்தாச்சு, ஜெனோவா. உங்க நிரல் வந்ததாலதான் அதைச் செய்ய முடிஞ்சது. அங்கே அந்த நேரத்துக்கு ஆபரேஷன் நடக்குது. யாரை நிறுத்தச் சொல்றீங்க?"

"ஆபரேஷன நிறுத்தச் சொல்லல. இடத்தக் கூட வாங்குங்க."

"அது என் கையில இல்லை. சட்டம் என்ன சொல்லுது? கால் நொடிக்குள்ள இருக்கணும். நாம அதுக்குள்ளதான் இருக்கோம். இவங்க கொஞ்சம் கவனமா இருந்தா..."

"கவனமா இருந்ததாலதான் சார் பிள்ளை விழுந்துச்சு." அவள் குரல் கீழே போய்விட்டது. அவர் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. "பிடிச்சது கைக்குத் தெரிஞ்ச பிறகுதான் விட்டிருக்காங்க. அந்தக் கைக்குப் பொய் சொல்லப் பழக்கிவிட்டது நாம."

"நாம இல்லை." அவர் வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினார். மிரட்டவில்லை. நல்லதுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "நேர்கோடு வேணும்னு நான் கேக்கலை. வேகம் கேட்டேன், அளவு கேட்டேன். நேர்கோடு உங்க யோசனை. ஸ்லைடுல உங்க பேர் இருக்கு. வெளியே போய்ச் சொன்னா முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க."

"ஆமா சார். அதத்தான் சொல்லப்போறேன்."

அன்று சாயங்காலமே பத்து வரியை எழுதி, யாரிடமும் கேட்காமல் ஓடவிட்டாள். அதைக் கண்டுபிடித்து எடுக்க அவர்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பச்சைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் நாள் காலை வாசல் கதவு அவள் அட்டைக்குத் திறக்கவில்லை. மத்தியானம் ஒருத்தி அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய்ச் சட்டியை விட்டாள்.

*

வடிவின் வக்கீல் கோமதிநாயகம் வயதானவர், கம்ப்யூட்டர் என்றால் பயப்படுகிறவர். ஜெனோவா அவரிடம் நான்கு முறை விளக்கினாள். நான்காவது முறை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத நீதிபதிக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது தாயி. காட்டத்தான் முடியும்" என்றார்.

காட்டினார்கள். வழக்கு வந்த அன்றைக்கு, ரெண்டு மணிக்கு வேலை முடிந்த மூன்று பெண்களை நெடுங்கை வாசலிலிருந்து நேரே ஆட்டோவில் ஏற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தாள் ஜெனோவா. அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி ஒரு பெண்மணி. "பத்து நிமிஷம்தானே" என்றார்.

கோமதிநாயகம் ஒரு தடித்த வழக்குக் கட்டை முதல் பெண்ணிடம் கொடுத்தார். "இத அந்தப் பேஷ்கார்ட்ட குடும்மா."

அவள் கொடுத்தாள். கோர்ட் எழுத்தரான பேஷ்கார் கையை நீட்டினார். கட்டு இருவர் கைக்கும் நடுவில் விழுந்து சிதறியது. அந்தப் பெண் பதறிப்போய்க் குனிந்தாள். "பிடிச்சீகளே சார்" என்றாள் பேஷ்காரிடம். அவர் விழித்தார்.

இரண்டாவது பெண்ணிடம், கவனமாகக் கொடுக்கும்படி நீதிபதியே சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். விழுந்தது. மூன்றாவது பெண் வேண்டாம் என்று அழுதாள். கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை விழுந்தபோது யாரும் குனிந்து எடுக்கவில்லை. கூண்டில் நின்ற வடிவு மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஜெனோவா சாட்சிக் கூண்டில் ஏறினாள். இரண்டு வரைபடம், பச்சைப் பதிவேடு, பத்து வரி, இரண்டு நாள். அரசு வக்கீல் எழுந்து, நிரலை எழுதியது யார் என்று கேட்டார்.

"நான்."

"அப்படியானால் குற்றம் யாருடையது என்கிறீர்கள்?"

"பாதி என்னுது. தெரியாமச் செஞ்சேன். தெரிஞ்சப்புறமும் அத அப்படியே ஓட விட்டது கம்பெனி. அது மிச்சப் பாதி இல்ல. அதுக்குத் தனிப் பேர் உண்டு, அத நீங்கதான் சட்டத்துல தேடணும்."

பதினெட்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. வடிவுக்கு விடுதலை. கொலை செய்யும் எண்ணமோ கவனக்குறைவோ நிரூபிக்கப்படவில்லை. கம்பெனி அந்த வழக்கில் தரப்பு இல்லை என்பதால் அதைப் பற்றிச் சொல்ல நீதிமன்றத்துக்கு ஒன்றும் இல்லை. உரிய துறை உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு வரி.

படி இறங்கும்போது பிரம்மசக்தி ஜெனோவாவை மறித்தாள். இருபத்துநான்கு வயது இருக்கும். இடுப்பு இன்னும் பிள்ளை தூக்கியவள் போல ஒருபக்கம் சாய்ந்தே இருந்தது.

"அப்பம் என் பிள்ளைய யாரு கொன்னது? மெஷினுன்னு சொல்லாதீய. ஒரு பேரு சொல்லுங்க."

"எழுதுனது நான்தாம்மா" என்றாள் ஜெனோவா.

பிரம்மசக்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள் ஜெனோவா. அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"உங்களப் பாத்தா எனக்கு ஒண்ணும் வரல. மதினிய வெறுக்கது எனக்குச் சுளுவா இருந்துச்சு. தெனமும் எந்திச்சதும் அவியளத்தான் வைவேன். இப்பம் அதையும் பிடுங்கிட்டீய."

*

உரிய துறை மூன்று மாதத்தில் நடவடிக்கை எடுத்தது. ஜெனோவா அப்போது ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணினி பழுது பார்க்கும் வேலையில் இருந்தாள். வேறு எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. ஆணையை அவளுக்குக் கொண்டுவந்து காட்டியது கோமதிநாயகம். அவர் முகம் பார்க்கும்படியாக இல்லை.

நேர்கோட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அரைமணி நேரச் சரிவைப் பற்றி இல்லை. கேபிளைப் பற்றி இல்லை. இருந்தது இதுதான். மூன்றாம் வகுப்புத் தொலைக்கைப் பணியாளர்கள் பணி நேரத்துக்குப் பிறகும் பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி மணிக்கட்டில் மஞ்சள் பட்டை அணிய வேண்டும். கடைகள், பேருந்துகள், மருத்துவமனைகள், அங்கன்வாடிகள் ஆகிய இடங்களில் பட்டை அணிந்தவர்களுடன் எப்பொருளையும் நேரடியாகக் கைமாற்றக் கூடாது. பொருளை ஒரு பரப்பின் மேல் வைக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு மேல் பணி செய்து விலகியவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆணையின் முதல் பத்தியில் காரணம் எழுதியிருந்தது. 'நிபுணர் சாட்சி திருமதி மரிய ஜெனோவா அவர்கள் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளபடி, மேற்படி பணியாளர்களின் கைகள் நம்பத்தக்கவை அல்ல.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். கடைசி நான்கு சொற்களை அவள் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்னதிலிருந்து ஒருவன் உட்கார்ந்து அழகாக அதைச் செய்து எடுத்திருக்கிறான். ஒரு வகுப்பின் மேல் ஒரு பட்டையைப் போட்டு, ஒதுங்கி நின்று வழிவிட வைப்பது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான்.

"மேல்முறையீடு போடுவோம்" என்றாள். கோமதிநாயகம் காதில் கையை வைத்துக் குனிந்தார். அவள் குரல் அவ்வளவு இறங்கிப்போயிருந்தது.

மறுநாள் காலை வக்காலத்தில் கையெழுத்து வாங்க முத்தையாபுரம் போனாள். வடிவு தெருமுனை டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். நெடுங்கைக்கு அவள் திரும்பிப் போகவில்லை. மிச்சமிருந்த ஒரு உப்பளத்தில் வாருகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பத்து மாதமாகக் கையுறையைத் தொடவில்லை. அவள் கை உங்கள் கையைப் போல, என் கையைப் போலச் சரியாகிவிட்ட கை. ஆனாலும் மஞ்சள் பட்டை இருந்தது.

"ரெண்டு டீ" என்றாள் ஜெனோவா.

டீக்கடைக்காரர் முதல் கிளாஸை ஜெனோவாவின் கையில் கொடுத்தார். இரண்டாவதைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார். வடிவு அவர் நகரும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டாள். இருவருக்கும் அது ஏற்கெனவே பழகிவிட்டிருந்தது.

"அண்ணாச்சி, அவங்க கையில குடுங்க."

"சட்டம்மா" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. சங்கடப்பட்டார். "எழுதி ஒட்டியிருக்கு, பாருங்க."

சுவரில் ஆணை ஒட்டியிருந்தது. முதல் பத்தியில் அவள் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. ஜெனோவா டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சுவரருகே போய், தாளின் மூலையில் நகத்தைக் கொடுத்து உரிக்கத் தொடங்கினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தளவு நகத்தளவாகத்தான் வந்தது. விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. கடைக்காரர் பாலை ஆற்றப் போனார்.

"விடுங்க மேடம்" என்றாள் வடிவு. "எத்தன கடையில போயி உரிப்பீய?"

"உரிக்கேன். எல்லாக் கடையிலயும் உரிக்கேன்."

வடிவு ஒரு வாய் டீ குடித்தாள். அவள் பேச்சில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று ஜெனோவாவுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஜெயிலுல இருக்கையில, பிள்ளையக் கொன்னவன்னு அம்புட்டுப் பேரும் என்னக் காறித் துப்பினாவ. ஆனா சோத்துத் தட்ட என் கையிலதான் குடுத்தாவ, மேடம்."